பன்னிரண்டில் ஒன்று

ரீகாவில், ஐந்தாம் மாடிக் கைப்பிடியில்
பீர் டின் ஒன்றைக் கட்டிவைத்தாள் ஜின்த்ரா.
ஊசித் துளை.
உள்ளே சுருட்டிய போட்டோ காகிதம்.
டிசம்பரிலிருந்து ஜூன் வரை
அந்தக் கண் இமைக்கவே இல்லை.

பிரித்தபோது
நாளுக்கொரு கோடு கிழித்திருந்தது சூரியன்;
மேகம் மூடிய நாட்களில் கோடு அறுந்திருந்தது.
எதிர்க் கூரை, புகைபோக்கி, வளைந்த ஆன்டெனா,
பக்கத்து பால்கனியின் காலித் தொட்டிகூட விழுந்திருக்கிறது.
அதே பால்கனியில் தினம் நான்கு சிகரெட் பிடிக்கும்
ஆர்வீட்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார்.
"நான் எங்கே?"
"நீங்கள் அசைந்துவிட்டீர்கள்."
"ஆறு மாதமுமா?"

அறைக்குள், மேஜைமேல்,
ஒற்றைக் கம்பளிக் கையுறை.
விரலை மயிரிழை நகர்த்து, விலகு, எடு.
நகர்த்து, விலகு, எடு.
நொடிக்குப் பன்னிரண்டு படம்.
மூன்று வாரத்தில்
அது மேஜையின் பாதியைக் கடந்திருக்கிறது.

இரவு ஓட்டிப் பார்த்தாள்.
இருநூற்றுப் பதினேழாம் படத்தில்
விலக மறந்த தன் கை,
நகக்கண்ணில் நீலச் சாயம்.
அழிக்கப் போனவள்
எழுந்துபோய்
ஆர்வீட்ஸின் கதவைத் தட்டினாள்:

நாளைக்குக் கொஞ்சம் வர முடியுமா,
சிகரெட்டோடு,
ஒரே ஒரு படத்துக்கு.
அசையாமல் நிற்க வேண்டியதில்லை.