சந்தேகத்துக்குரிய சீட்டுகள்

ஹால்ம்பி விளையாட்டரங்கில்
பூப்பந்து வலைகளைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டு
மேசைகள் போட்டிருந்தார்கள்.
தரைக்கோடுகள் மட்டும் அப்படியே.
எனக்குக் கிடைத்த நாற்காலி
சர்வீஸ் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே.

பகலில் அடமான வங்கியில்
பிறர் பணத்தை எண்ணுகிறவள் நான்.
அந்த விரல்களுக்காகத்தான் கூப்பிடுகிறார்கள்.
ஓர் இரவுக்கு நூற்றுப் பத்து பவுண்டு,
முட்டை சாண்ட்விச்,
விரல் நனைக்க ஈரப்பஞ்சு.
பார்ப்பதை வெளியே சொல்லமாட்டேன் என்று
ஒரு கையெழுத்து.

ஹெட்லி ஓல்ட்ராய்ட் அக்டோபரில் இறந்தார்.
லண்டன் போகும் ரயிலில், ஜன்னலோரம்,
பயணச்சீட்டை விரலிடுக்கில் நீட்டியபடி.
பரிசோதகர் அதில் துளையிட்டுவிட்டு
இரண்டு பெட்டி தாண்டிய பிறகுதான்
திரும்பி ஓடி வந்தாராம்.
பத்தொன்பது வருஷம் எங்கள் உறுப்பினர்.
நல்ல மனிதர் என்றது செய்தித்தாள்.
செத்தவனைப் பற்றி வேறென்ன போடுவான்
என்றார் என் கணவர், பக்கத்தைப் புரட்டாமல்.

காலி இடம் என்கிறார்கள்.
பச்சைத்தோல் பெஞ்சில்
ஒரு முதுகின் அகலம்.
அதை நிரப்பப் பதினோரு பேர்
ஜனவரிச் சகதியில் கதவு தட்டினார்கள்.
எங்கள் ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத மந்திரிமார்
மீன் ஏலக்கூடத்தில் ஏப்ரன் கட்டிக்கொண்டு
காட் மீனை ஏந்திப் படம் எடுத்தார்கள்.
இரண்டு பேருக்கும் ஒரே பார்வை என்றாள் பெரில்.
மீனை ஏன் திட்டுகிறாய் என்றேன்.

சிங்கி இறால் வேடத்தில் ஒருவர் நின்றார்.
அவருடைய ஒரே வாக்குறுதி:
கடல் ஏறும் நேரத்தை
எல்லாருக்கும் வசதியாக மாற்றுவேன்.

நூற்றுக்கு முப்பத்தொரு பேர் வந்து போட்டார்கள்.
மற்றவர்களுக்குப் பனிமழை.

பத்தேகாலுக்குப் பெட்டிகள்,
கவிழ்த்தால் நனைந்த கோட்டு வாசனை.
இருபத்தைந்து, இருபத்தைந்து,
ரப்பர் வளையம்,
இருபத்தைந்து.

ஒன்றரை மணி வாக்கில் கை நின்றது.
பதினோரு பெயர்களுக்கும் கீழே
அடிமட்டம் வைத்து
யாரோ பன்னிரண்டாவது கட்டம் வரைந்திருந்தார்கள்.
நூலில் கட்டிய பென்சிலால் அல்ல,
வீட்டிலிருந்து கொண்டுவந்த நீல மைப் பேனாவால்.
ஓல்ட்ராய்ட், ஹெட்லி.
எதிரே பெருக்கல் குறி இல்லை.
மூன்று வரி:

மார்ச் நான்காம் தேதி எழுதியிருந்தேன்,
ரயில் பாலத்துப் படிக்கட்டின் கைப்பிடி குறித்து.
பதில் இன்னும் வரவில்லை.

சந்தேகத்துக்குரிய சீட்டுகளின் மேசைக்கு அது போனது.
தேர்தல் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
முகவர்கள் குனிந்தார்கள்;
ஆறு ரோசாப்பட்டைகள், ஆறு நிறம்.
இறந்தவர் கட்சி இளைஞன் இருமிவிட்டுச் சொன்னான்:
நோக்கம் தெளிவாகத்தானே இருக்கிறது.
யாருக்கு, என்றார் அதிகாரி.
யாரும் சிரிக்கவில்லை.
இறால்காரர் எட்டிப் பார்க்கையில்
அவர் உணர்கொம்பு ஒன்று
காகிதத்தைத் தொட்டுவிட்டது.
வேட்பாளர்கள் சீட்டைத் தொடக்கூடாது ஐயா.
மன்னிக்கவும், இது என்னுடையதில்லை, வாடகைக்கு எடுத்தது
என்றார் அவர்.

செல்லாது.
முத்திரை விழுந்த சத்தம்
பூப்பந்து அடித்த மாதிரிகூட இல்லை.

மூன்று நாற்பதுக்கு அறிவித்தார்கள்.
ஈடித் க்ராஷா, இருநூற்று ஆறு வித்தியாசம்.
காவலருக்கு நன்றி, எங்களுக்கு நன்றி,
ஓல்ட்ராய்டின் பெரிய காலணிகளுக்கு நன்றி.
கைப்பிடி பற்றி ஒன்றும் இல்லை,
அவளுக்கு எப்படித் தெரியும்?
செல்லாதவை தனி உறையில்;
ஓராண்டு அலமாரியில் இருக்கும்,
பிறகு நெருப்பு.
இறாலுக்கு எண்பத்தெட்டு வாக்கு.
வண்டி நிறுத்துமிடத்தில்
கொடுக்குகளைக் கழற்றத் தெரியாமல்
சாவியோடு போராடிக்கொண்டிருந்தார்.

நான் பாலம் வழியாக வீட்டுக்கு வந்தேன்.
படிகளில் உறைபனி.
கைப்பிடி இருந்த சுவரில்
நான்கு துளைகள், துருவின் ஒழுகல்.
உள்ளங்கையைக் கல்லில் தேய்த்தபடி
ஒவ்வொன்றாக இறங்கினேன், எண்ணிக்கொண்டே;
விரல்களின் பழக்கம் கால்களுக்கும் வந்துவிட்டது.
இருபத்தைந்தில் நின்று
ரப்பர் வளையத்துக்குத் துழாவினேன்.

இன்னும் ஏழு படி.