பொருந்தாது

பதினாலாம் கேள்விக்கு மேலே
தடித்த எழுத்தில் இருந்தது:
பெண்கள் மாத்திரம்.
ஆம்பிளையள் வந்தால்
அடிமட்டம் வைத்து ஒரு கோடு கீறுவேன்,
கோட்டுக்கு மேல் 'பொருந்தாது'.
வடிவான கையெழுத்தென்று
யாழ்ப்பாணம் கச்சேரியில் எனக்குப் பேர்.

நவநேசன் வந்த அன்று மழை.
விறாந்தையில் முப்பத்தேழு பேர்.
பெண்களுக்கு உள்ளறை, திரைச்சீலை,
ஒரு கப் தேத்தண்ணி. அதுவும் போதாதுதான்.
இவர்களுக்கு என் மேசையும்
பின்னால் நிற்பவனின் மூச்சும்.

அடிச்சவங்களோ?
ஓம்.
சூடு?
ஓம்.
தலைகீழாக் கட்டினவங்களோ?
ஓம்.
வேற?

அவன் என் அடிமட்டத்தைப் பார்த்தான்.
அது ஏற்கெனவே பதினாலில் கிடந்தது.

இல்லை, என்றான்.
கோடு நேராய் வந்தது.

சைக்கிளில் வீட்டுக்குப் போகையில் யோசித்தேன்:
அவன் சொல்ல வெளிக்கிட்டிருந்தால்
எந்தச் சொல்லால் எழுதியிருப்பேன்?
எங்களிடம் இருந்த ஒரேயொரு சொல்லுக்குள்
கற்பை வைத்துத் தைத்திருக்கினம்.
ஆம்பிளைக்கு அது குடுபடாத சாமான்.
குடுக்காததை அழித்தார்களென்று
எப்படி எழுத?

மாசியில், கொக்குவில் சந்திச் சலூனில்
பக்கத்துக் கதிரையில் கண்டேன்.
வெள்ளைத் துணியைக் கழுத்தில் கட்டி
வெட்டுகிற பொடியன் பின்னால் போனதும்
கதிரையின் கை இரண்டையும் இறுக்கினான்.
கண்ணாடிக்குள் அவன் பார்வை
தன் முகத்தில் இல்லை.
தோளுக்குப் பின்னால் நின்ற கையில் இருந்தது.

பேப்பரில் எங்கேயோ நடந்த வழக்கு.
உரத்து வாசித்தவன் சொன்னான்:
"பொடியனையாம்! ஆம்பிளையெண்டால்
உதறிப்போட்டு வாறதுக்கென்ன?"
சலூனே சிரித்தது.
நானும்.
சவரக்கத்தி தாடையில் இருந்தபடியால்
கொஞ்சமாய்.

நவநேசனும் சிரித்தான்,
எங்கள் எல்லாரையும் விட
ஒரு கணம் கூட.

பிறகு எழும்பினான்.
இடப்பக்கம் இன்னும் வெட்டவில்லை.
முழுக்காசையும் வைத்துவிட்டு
துணியோடேயே றோட்டுக்கு இறங்கி,
திரும்பி வந்து,
கழற்றி, உதறி, நாலாய் மடித்து,
கதிரையில் வைத்துவிட்டுப் போனான்.

படிவங்கள் கொழும்புக்குப் போய் எத்தனையோ காலம்.
கார்பன் பிரதி ஒன்று என் லாச்சியில்.
நேற்றிரவு
றப்பரால் அந்தக் கோட்டை அழித்துப் பார்த்தேன்.
தாள்தான் விட்டது.
பதினாலாம் கேள்வியில் இப்போது ஒரு ஓட்டை.
அதுக்குள்ளால் அடுத்த பக்கம் தெரிகிறது:
சாட்சியின் கையொப்பம்.
வடிவான எழுத்து.