உப்புக் கிடங்கு

முதல் தாளை எழுதியவன் நான்தான்.
லுவார் ஆறு வற்றிய கோடையில்,
பெலாஜியின் ரொட்டிக்கடை மேசைமேல்.
உப்பு வரி ஒழிய வேண்டும்.
ரொட்டியின் எடை குறையக் கூடாது.
மூன்றாவது கோரிக்கை மறந்துவிட்டது,
கைதட்டல் நினைவிருக்கிறது.

அன்றிரவு உப்புக் கிடங்கின் கதவைத்
தச்சன் மத்துரேன் கோடரியால் பிளந்தான்.
கள்ள உப்பு விற்றுப் பிடிபட்ட பதினோரு பேர்
தீவட்டிக்குக் கண் கூசி வந்தார்கள்.
ஒருவன் சுவரை நக்கிக் காட்டினான்:
"இதற்கும் வரி கேட்பானா?"
ஊரே சிரித்தது.

பிறகு எல்லையில் போர். ரொட்டி சிறுத்தது.
யாரோ பதுக்குகிறார்கள் என்றார்கள்.
யாரோ என்று எழுத முடியாது;
தாளுக்குப் பெயர் வேண்டும்.

முதல் பெயருக்கு விடியும்வரை வாதாடினோம்,
இரண்டு பேர் அழுதோம்.
பத்தாவது பெயர் முடிந்தபோது
சூப் இன்னும் ஆறியிருக்கவில்லை.

கிடங்குக்குக் கதவு தேவைப்பட்டது.
மத்துரேனே செய்தான், ஓக் மரத்தில்.
கூலி வாங்க மறுத்தான்: குடியரசுக்காம்.

பனிக்காலத்தில் தாள்கள்
பாரிசிலிருந்து அச்சாகியே வந்தன.
குற்றம் அச்சில். தண்டனை அச்சில்.
பெயருக்கு மட்டும்
இரண்டு விரற்கடை வெற்றிடம்.
என் வேலை பாதியாயிற்று.
சொல்லக் கூடாது,
ஆறுதலாக இருந்தது.

மத்துரேன் ஷார்பொனோ
அந்த இடத்தில் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கினேன்.
விசாரணை எப்போது என்று
கூட்டத்தில் கேட்டுவிட்டான், அவ்வளவுதான்.
அவன் செய்த கதவு
சத்தமில்லாமல் மூடியது.

மாவு பிசைந்தபடி, தலை நிமிராமல்,
பெலாஜி இன்று கேட்கிறாள்:
வரிதான் போயிற்றே, உப்பு எங்கே?
கிடங்கில் இடமில்லை
என்று சொல்ல வாயெடுத்து
ரொட்டியைக் கடித்தேன்.
சப்பென்றிருந்தது.