கழிவு எடை

கல்முனைக் கிளை. மூன்றாம் கவுண்டர். அடகுப் பிரிவு.
கண்ணாடித் துளைக்கு இந்தப் பக்கம்
தராசு, உரைகல், அமிலக் குப்பி, நான்.

செவ்வாய் பதினொன்றரைக்கு நஸீஹா டீச்சர் வந்தா.
மகளிர் கல்லூரியில் விலங்கியல்.
ஒரு சோடி முத்துத் தோட்டை
காதின் சூடு ஆறுமுன்னே தட்டில் வைத்தா.

'பொன்னுக்கு மட்டும்தான் காசு, டீச்சர்.
முத்தின் நிறையைக் கழிச்சிடுவோம்.'
பத்து வருசமாய் நான் சொல்லும் வாக்கியம்.
கல்லென்றால் கழிவு. அரக்கென்றால் கழிவு.
அழுக்கென்றாலும் படிவத்தில் அதே கட்டம்.

'கழிங்க' என்றா, சிரித்தபடி.
'முத்தையும் அழுக்கையும் ஒண்டாப் போட்ட இடத்த
இப்பதான் பாக்கிறன்.
சிப்பிக்கும் அது அழுக்குத்தான்.'

மணல்துகள் உள்ளே போய்த்தானே... என்று இழுத்தேன்.

'மணலா? மணலுக்குள்ளயே கிடக்கிற சாமானுக்கு
மணல் என்ன புதினமா? துப்பிரும்.
உள்ள போறது ஒரு புழுக்குஞ்சு.
தசைக்குள்ள போய்க் குடியேறிரும்.
துப்ப ஏலாது. கொல்லக் கையும் இல்ல.
அப்ப என்ன செய்யிற?
தன்ட வீட்டுச் சுவருக்குப் பூசுற சாந்த
எடுத்து அதுக்கும் பூசும்.
தாளை விட மெல்லிசா ஒரு பூச்சு,
அதுக்கு மேல இன்னொண்டு,
ஓட்டுக் கூரை மாதிரி அடுக்கடுக்கா.
வெளிச்சம் அதுக்குள்ள வழி தவறிப் போய்
திரும்பி வாறதுதான் இந்த மினுக்கம்.'

பொன்னை உரைகல்லில் இழுத்தேன்.
ஒரு துளி அமிலம். கை நடுங்கக் கூடாது:
பொன்னை மெய்ப்பிக்கும் இந்தத் துளி
முத்தில் பட்டால் நுரைத்துத் தின்றுவிடும்.

இருபத்திரண்டு கரட். சரி.

எதற்குக் கடன்? படிவம் கேட்கிறது, நானல்ல.
'பித்தப்பையில கல்லு.
மட்டக்களப்புல வெட்ட நாள் எடுத்திரிக்கி.
அதுவும் உடம்பு உருட்டினதுதான், மிஸ்.
ஒருத்தரும் தோடு செய்யக் கேக்க மாட்டாங்க.'
வரிசையில் பின்னால் நின்ற மீன் முதலாளி
வாய்விட்டுச் சிரித்து, பிறகு மன்னிப்புக் கேட்டார்.

முத்திரை வைக்குமுன் தோட்டைத் திரும்பக் கேட்டா.
முன்பல்லில் ஒவ்வொன்றாய் உரசினா.
'இது கரகரக்குது, மணல் மாதிரி. இது உம்மாட.
இது வழுக்குது. பிளாஸ்டிக்கு.
சோடியில ஒண்டு, கடல் வீட்டுக்குள்ள வந்த அண்டைக்கிப் போயிட்டு.
கண்ணுக்குத் தெரியாது.
எது எதெண்டு என்ட பல்லுக்குத்தான் தெரியும்.'

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
கழிவு: பூச்சியம் தசம் ஒன்பது கிராம்,
இரண்டுக்கும் சேர்த்து.

அன்று பின்னேரம் கணக்கு முடிக்கையில் நினைத்தேன்.
வைரத்தை வெட்ட வேண்டும்.
நீலக்கல்லைச் சுட்டுப் பட்டை தீட்ட வேண்டும்.
முத்து மட்டும் யார் திருத்தமும் வேண்டாமல்
முடிந்தே வெளியே வருகிறது.
அதற்காகவா மூச்சடக்கி ஆள் இறங்கினார்கள்?
அல்லது ஆயிரம் சிப்பியைப் பிளந்து
ஒன்றில் கண்டதாலா?
மிச்சத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதின் நாற்றமும்
அந்த விலைக்குள் இருக்கிறதோ?
எங்கள் வங்கியில் இதை யாரிடம் கேட்பது.

போகும்போது திரும்பி வந்து
கண்ணாடித் துளைக்குள் சொன்னா:
'காய்ஞ்சா முத்து வெடிக்கும், மிஸ்.
தோலோட கிடந்து பழகினது.
உள்ளுக்கு ஒரு கோப்பைத் தண்ணி வெச்சு விடுங்க.'

இன்று காலை முகாமையாளர் அருள்நேசன்
பெட்டகக் கதவில் நின்று கேட்டார்,
'என்ன, எறும்புக்குத் தண்ணீரா?'
ஓம் என்றேன்.

கோப்பையில் ஒரு நகக்கனம் குறைந்திருந்தது.
நிரப்பிவிட்டுப் பூட்டினேன்.