அறுநூறு திர்ஹத்துக்குள் ஒருவர்

அறுநூறு திர்ஹம், வாட்டையும் சேர்த்து.
பிரின்ஸிபால் மேடம் பச்சை மையில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார்.
பிறகு யோசித்து மூன்றாவதாக ஒன்று.

ஷார்ஜா, இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர்க் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் பட்டறைக்கும் நடுவே
ஷட்டர் பாதி ஏறிய கிடங்கு.
ஜூன் வெயிலைத் தலைக்கு மேலே விட்டுவிட்டுக்
குனிந்து நுழைந்தேன்.
வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தார்கள்,
ஏசிக் காற்றில் லேசாக ஆடியபடி,
பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காதவர்கள் மாதிரி
எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து.

முதலாமவர் ஆயிரத்து எண்ணூறு.
மண்டை ஓட்டின் தையல்கள் நகத்தில் இடறின.
முதுகு வளைந்தது. தாடை திறந்து மூடியது.
மூன்று வருட உத்தரவாதம்,
நமக்கே யாரும் தராதது.
விலைச்சீட்டைத் திருப்பிவிட்டு நகர்ந்தேன்.

அடுத்தவர் எண்பத்தைந்து சென்டிமீட்டர். இருநூற்று இருபது.
மேசை மேல் நிற்பார், அழகுதான்.
என் வகுப்பில் நாற்பத்தொரு பேர்.
கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் அவர்
சாப்பிட்டு முடித்த கோழி.

மூன்றாமவரின் விலா எலும்புகள் ஒரே வார்ப்பு,
தட்டினால் பக்கெட் சத்தம்.
எண்ணினேன். பதினோரு ஜோடி.
"ஒன்று குறைந்தால் என்ன மேடம்,
பிள்ளைகள் எண்ணவா போகிறார்கள்?"
என்றார் கடைக்காரர் குஞ்ஞுமொய்தீன்.
எண்ணுவார்கள்.
எட்டாம் வகுப்பு எண்ணுவதற்கென்றே பிறந்தது.
ஆதாமையும் இழுப்பார்கள்.
அப்புறம் மதியம் வரை பாடம் நடக்காது.

மூலையில், பிளாஸ்டிக் உறைக்குள், ஆள் உயரத்தில் ஒருவர்.
ஐந்நூற்று நாற்பது.
பன்னிரண்டு ஜோடி விலா, வால் எலும்பு, நாக்கடி எலும்புகூட.
ஏன் இவ்வளவு மலிவு?
கடைக்காரர் ஃபேனைப் பார்த்தார்.
நான் கீழே பார்த்தேன்.
இரண்டு பாதங்களிலும் பெருவிரல் வலப்பக்கம்.
இரண்டும் இடது.
"ஷூ மாட்டிவிடலாம் மேடம்."

ஸ்டாண்டைத் தூக்கிவந்த பையன்
(பையனில்லை, நாற்பதிருக்கும்,
சட்டையில் கேஷர் என்று தைத்திருந்தது)
எலும்புக்கூட்டின் தோளைத் துடைத்தபடி
இந்தியில் சொன்னான்:
"இதில் முடிச்சு இல்லையே."
காலர் பட்டனைக் கழற்றிக் காட்டினான்.
இடது காறை எலும்பின் நடுவில்
புளியங்கொட்டை அளவு மேடு.
அஜ்மானில் சாரம் சரிந்ததாம்.
சேர ஆறு வாரம் ஆனது.
கம்பெனி நான்கு வாரம்தான் எண்ணியது.

தொட்டுப் பாருங்கள் டீச்சர் என்றான்.
பேனா மூடியால் தொட்டேன்.
வெட்கமாகிவிட்டது. பிறகு விரலால்.
பதினாறு வருடமாகக் கரும்பலகையில்
ஒரே இழுப்பில் நான் வரையும் எலும்பு.
உடைந்த இடம் தடித்துச் சேரும் என்று
படித்திருக்கிறேன், பரீட்சைக்கும் கேட்டிருக்கிறேன்,
இரண்டு மதிப்பெண்.

வாட்டோடு ஐந்நூற்று அறுபத்தேழு.
டெலிவரிக்கு ஐம்பது என்றார். வேண்டாம்.
மிச்சம் முப்பத்து மூன்றுக்கு டாக்ஸி.
கேஷர்தான் முழங்காலை மடக்கி
முன்சீட்டில் உட்கார வைத்தான்,
வலிக்கும் என்பதுபோல மெதுவாக.
டிரைவர் திடுக்கிடவில்லை.
"பெல்ட் போடச் சொல்லுங்கள்,
ஃபைன் போட்டால் யார் கட்டுவது?"

பில்லின் பின்பக்கம் ஒரு கட்டம்:
பொருளில் குறை ஏதும் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
பாதத்தைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசாக
ஒரு சாக்லேட் வாங்க வேண்டும்.

நேஷனல் பெயிண்ட்ஸ் பக்கம் வழக்கமான நெரிசல்.
பக்கத்துக் காரிலிருந்து ஒரு குழந்தை
முன்சீட்டுக்காரருக்குக் கையசைத்தது.
நான் துப்பட்டாவுக்குள் கைவிட்டு
என் காறை எலும்பைத் தடவிக்கொண்டிருந்தேன்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை
வழவழவென்று,
பாலித்தீன் உறைக்குள்ளிருந்து வந்ததுபோல.

மீட்டர் முப்பத்தாறு காட்டியது.
மூன்று திர்ஹம் அதிகம்.
அதை நான் யாரிடமும் கேட்கவில்லை.