மாடிக்குத் தொண்ணூறு

எட்டு நிமிடத்தில் எண்பது கணக்கு.
தாள் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது,
ஒரு தப்புக்கு இரண்டு மதிப்பெண் போகும்.
முக்காலே மூணுவீசம் பேர் அங்கேயே உதிர்ந்துவிடுவார்கள்.
மீந்தவர்களைத்தான் என்னிடம் அனுப்புவார்கள்:
தெற்கு ஆம்ஸ்டர்டாம், பதினோராம் மாடி,
ஒரு மேஜை, இரண்டு தண்ணீர்க் குவளை.

அன்று வந்தவள் பெயர் நின்கே.
குரோனிங்கனில் கணிதம், கடைசி ஆண்டு.
இருட்டிலேயே ரயிலேறியிருக்க வேண்டும்,
கோட்டில் ஒரு பொத்தான் அடுத்த துளைக்குப் போயிருந்தது.
நான் சொல்லவில்லை.
பதற்றத்துக்கும் தாளில் ஒரு கட்டம் இருக்கிறது.

'இந்தக் கட்டடத்தில் எத்தனை ஜன்னல்?
எண் வேண்டாம், விலை சொல்.
வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை.'

'ஆயிரத்து நூறுக்கு வாங்குவேன்,
ஆயிரத்து முந்நூறுக்கு விற்பேன்.'

'வாங்கினேன்' என்றேன்.
என் தாளில் விடை இருக்கிறதே, ஆயிரத்து நானூற்று நாற்பது.
விடை தெரிந்தவன் ஆடும் ஆட்டத்துக்குப் பெயர் நேர்காணல்.

அவள் விலையை உயர்த்தினாள்.
முந்நூறுக்கு வாங்கல், நானூறுக்கு விற்றல்.
'வாங்கினேன்.'
காது நுனி சிவந்தது. மறுபடி உயர்த்துவாள் என்று
பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்தத் தொட்டில் இறங்கியது,
கயிறு, வாளி, நுரை,
சட்டையில் தைத்த பெயர்: ஒர்லாண்டோ.
அவள் எழுந்துபோய்க் கண்ணாடியைத் தட்டினாள்.
ஒரு தாளில் ஜன்னல் வரைந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு,
கையால் மொத்தக் கட்டடத்தையும் சுற்றிக் காட்டினாள்.

இது விதிக்கு உட்பட்டதா?
கையேட்டில் தடை என்றும் இல்லை, சரி என்றும் இல்லை.

அவர் யோசிக்கவே இல்லை.
ஜன்னலுக்கு இத்தனை சென்ட் என்று கூலி வாங்குகிறவர்
எதற்கு யோசிக்க வேண்டும்?
நுரையில் விரலால் எழுதினார்.
உள்ளிருந்து இடவலமாக வாசிக்க எனக்கு ஒரு நொடி பிடித்தது:
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு.

எண்பத்திரண்டு, பதினாறு மாடி.
எங்கள் தாளில் இருப்பது தொண்ணூறு, பதினாறு மாடி.
எவனோ நாற்காலியை விட்டு எழாமலே பெருக்கியிருக்கிறான்.

'அப்படியானால்,' என்றாள் நின்கே உட்கார்ந்தபடி,
'முதல் விற்பனையில் பன்னிரண்டு நஷ்டம்,
இரண்டாவதில் எண்பத்தெட்டு லாபம்.
எழுபத்தாறு எனக்கு.'

தாளின்படி அவளுக்கு நூற்று எண்பது நஷ்டம்.
நுரையின்படி எழுபத்தாறு லாபம்.
நிமிர்ந்து பார்ப்பதற்குள்
ஒர்லாண்டோ ஒரே இழுப்பில் அந்த எண்ணைத் துடைத்துவிட்டு
பத்தாம் மாடிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே நாற்காலியில்
எனக்கும் இதே கேள்வி.
நானூற்று முப்பதுக்கு வாங்கல், நானூற்று ஐம்பதுக்கு விற்றல்
என்று சொன்னேன்; எழுந்து கைகுலுக்கினார்கள்.
என் விடுதியில் மூத்தவன் ஒருவன் சொல்லிக்கொடுத்த எண்.
வீட்டுக்குப் போன் போட்டு, 'மூளை' என்று சொன்னேன்.

லாபம் எழுபத்தாறு என்று எழுதினேன். பென்சிலால்.
அவள் போகும்போது பொத்தானைச் சொன்னேன்.
'தெரியும்,' என்றாள், 'ஒரு துளை கிழிந்துவிட்டது.'

அடுத்து டெல்ஃப்ட் மாணவன், புதுச் சப்பாத்து.
கேள்வி முடிவதற்குள்ளேயே விலை வந்தது:
'நானூற்று முப்பது, நானூற்று ஐம்பது.'

அச்சு அசல்.
வெளியே பாதி துடைத்த கண்ணாடியில் வெயில்.
எழுந்து கைகுலுக்க வேண்டும், கை மேஜையில் இருந்தது.