ஜெயசீலி செல் பாயிண்ட்

சி.எம்.சி. கேட்டிலிருந்து கூப்பிடு தூரம்.
ரோகு மீன் வெட்டும் பாபுராவ் தெருவில்
நாலடிக்கு ஆறடி என் கடை.
போர்டில் தமிழுக்கு மேலே வங்காளம்;
எழுதினவன் சொன்னதை நம்பி
மாட்டியிருக்கிறேன்.

வருகிறவரிடம் ஊர் கேட்பதில்லை.
எதைப் போட்டுத் தரணும் என்பேன்.
இமோ என்றால் பத்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
வீசாட் என்றால் பூட்டான்,
நம்ம மே மாதத்தில் வந்து மூச்சு வாங்கும்.
வைபர் என்றால் மாலத்தீவு, பேரம் பேசாது.
வாட்ஸப் என்றால் எதுவும் சொல்வதற்கில்லை:
அசாமாக இருக்கலாம், குடியாத்தமாகவும்.
போட்டிம் என்றால் என் தம்பி ஏசுராஜ்.
துபாயில் அதில்தான் பேச விடுகிறார்களாம்.

மூன்று ரயில் மாறி, கம்பிவேலி தாண்டி
காட்பாடியில் இறங்கினவர்கள்
இந்தச் சின்னச் சதுரத்தை மட்டும் தாண்டமாட்டார்கள்.
"இன்னொன்று நல்லா இருக்கு, போடவா?"
"எங்க வீட்ல எல்லாரும் இதுலதான்."
அதற்கு மேல் என்ன பேச.

முன்னே இது பிரவுசிங் சென்டர்.
மணிக்கு இருபது ரூபாய், பச்சைத் திரை.
காலேஜ் பையன்கள் ஆர்க்குட்டில்
ஒருவன் சுவரில் ஒருவன் எழுதிவிட்டுப் போவான்.
ஒரு மழைக்காலத்துக்குள் அத்தனை பேரும் ஃபேஸ்புக்.
காலி செய்கிற வீட்டிலாவது
துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவார்கள்.
ஆறு உண்டு தண்ணி இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை என்று
எங்க ஊரைச் சொல்வார்கள்.
ஆர்க்குட் உண்டு ஆள் இல்லை என்பது
நான் சேர்த்தது.

பிறகு டிக்டாக்.
அகழிக்கரையில் சாயங்காலமானால் ஆட்டம்.
சத்துவாச்சாரி பிரமிளாவுக்கு நாற்பதாயிரம் பேர்.
தடை வந்த மறுநாள் போனை நீட்டி
"எப்படியாவது எடுத்துக் குடுங்கக்கா" என்றாள்.
டிஸ்பிளே மாற்றுகிறவளிடம் கேட்டால்?
இப்போது ரீல்ஸ் போடுகிறாள். முந்நூற்றுப் பத்து பேர்.
எண்ணிக்கை கேட்டால் பேச்சை மாற்றுவாள்.

அரட்டை வந்தபோது ஒரு வாரம்
நம்ம ஊர்ப் பெயர், நம்ம ஊர்ப் பெயர் என்று
வரிசையில் நின்றார்கள்.
நானும் போட்டேன்.
உள்ளே நானும் எல்.ஐ.சி. சம்பத்தும்.
அவர் குட்மார்னிங் சொன்னார். வெளியே வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை முக்லேசுர்
நொறுங்கிய போனை மேஜையில் வைத்துவிட்டு ஓடினார்.
மனைவியை உள்ளே எடுத்துப்போகிறார்களாம்.
புது டிஸ்பிளே ஒட்டி வெளிச்சம் வந்த நொடி
இமோ அடித்தது.
பெயர் வங்காளத்தில்,
என் போர்டைப் போலவே எனக்குப் படிக்க வராது.
ஏழு தடவை.
எட்டாவதில் தொட்டேன்.

பல் விழுந்த ஒரு பையன்.
பின்னால் தகரக் கதவு, ஒரு வாத்து.
என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான்.
பிறகு, "மா?"

ஆஸ்பத்திரி என்றேன். ஹாஸ்பதால் என்றேன்.
அதற்குமேல் என்னிடம் சொல் இல்லை.
கடையைத் திறந்தபடி விட்டுவிட்டு
போனைத் திருப்பிப் பிடித்து நடந்தேன்.
மீன்காரர் கத்தி, லாட்ஜ் வாசலில் காயும் லுங்கிகள்,
ஹாரன் அடிக்கும் ஆட்டோ,
தெருமுனை, கேட், மேலே
விளக்கெரியும் ஜன்னல்கள்.
எது என்று தெரியாது. எல்லாவற்றையும் காட்டினேன்.
அவன் நீளமாக ஏதோ சொன்னான்.
தலையாட்டினேன்.
வாத்து குறுக்கே வந்தது. படம் உறைந்து
வட்டம் சுற்றி, போனது.

பத்து மணிக்கு வந்தார் முக்லேசுர்.
ஆயிரத்து நானூறு என்றேன். கொடுத்தார்.
போனைத் திறந்து பார்த்தார்:
நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.
என்னைப் பார்த்தார்.
நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், ஏனென்று தெரியாமல்.

ஷட்டரை இறக்கிவிட்டு என் போனில் இமோ போட்டேன்.
உங்கள் தொடர்பில் இங்கே ஒருவரும் இல்லை என்றது.
இருக்கட்டும்.
கொஞ்சம் இடம்தானே அடைக்கும்.